தாத்தா பிறந்த ஊரைக் கேட்ட ஆட்டம்

அடுத்தவன் பூட்ஸில் பீர் ஊற்றிக் குடித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஒவ்வொருவராகத் திட்டும்போது, இவன் பெரிய யோக்கியன் போல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அது எங்கள் ரக்பி டீமின் சடங்கு. முதல் மேட்ச் ஆடியவன், ஆட்டம் முடிந்ததும், காலிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஒரு பூட்ஸில் பீரை ஊற்றி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். தன் பூட்ஸ் இல்லை, இன்னொருவனுடையது. எங்கள் வீட்டில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பர்மாக்காரர்கள் நம்மைவிடக் கெடுபிடி. பெரியவர் இருக்கும் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தாலே முகம் சுளிப்பார்கள். இந்த இரண்டு வளர்ப்பும் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷம் எனக்குள் இருந்தது. ஒரு நிமிஷத்தில் போயிற்று. சேறு பல்லில் நறநறத்தது. பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். எனக்குக் குமட்டியது, ஆனாலும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகமாகக் குமட்டுகிறது.

யாங்கூனில் வெள்ளைக்காரர்கள் நிறைந்து கிடந்த சமயம் அது. ஹோட்டல், பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனம், எண்ணெய்க் கம்பெனி என்று எங்கே பார்த்தாலும் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் வட இங்கிலாந்துக்காரர், பள்ளி ஆசிரியர். அவர்தான் எங்கள் கேப்டன். அவர் ஊரில் ஆடுவது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். பதினைந்து பேர் ஆடுவது வேறு ஆட்டம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருக்கு மூக்கு சிவந்துவிடும். பந்தோடு ஓடுபவனைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஆட்டத்தைத் தொடங்குவான். ஆறு முறை விழுந்தால் பந்து எதிரிக்கு. அவ்வளவுதான் ஆட்டம். நான் வேலை செய்யும் சரக்கு அனுப்பும் ஆபீஸுக்கு அவர் ஒரு பெட்டி அனுப்ப வந்தார். என் தோளையும் கழுத்தையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று கேட்டார். சும்மாதான் இருக்கிறேன் என்றேன். சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொன்னதை அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறுதோறும் ஊரைச் சுற்றும் ரயிலேறி இன்சீன் புறநகருக்குப் போவேன். அந்தப் பக்கம் ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மழைக்காலத்தில் அது மைதானமே இல்லை, வயல். விழுந்து எழுந்து சேற்றோடு திரும்பும்போது ரயிலில் கூடைக்காரப் பெண்கள் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளி நிற்பார்கள்.

டீமின் வரலாற்றைக் கேப்டன் வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். ஒரு வருஷம் நாலு பேர் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்களாம். அடுத்த வருஷம் அது ஆறு பேர் ஆகும், மதுக்கடை ஒரு படகாக மாறும். மாறாதது ஒன்றுதான்: இந்த ஆட்டம் உழைப்பாளிகளின் ஆட்டம், இங்கே துரை கிடையாது, கூலி கிடையாது, பிறந்த நாடு பார்ப்பது கிடையாது. இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். அதனால்தான் அவரை நன்றாக வெறுக்கவும் முடியவில்லை.

பிறந்த நாடு பார்க்காத டீமின் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே கொடிகளாகத் தைத்திருந்தது. யார் யார் ஆடினார்களோ அவர்களுடைய நாட்டுக் கொடியெல்லாம் வரிசையாக. பூட்ஸில் குடித்தால் உன் கொடி ஏறும். ஆள் ஊரைவிட்டுப் போனாலும் கொடி இறங்காது. இங்கிலாந்துக்கு ஒன்று, வேல்ஸுக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே ராணிக்குப் பிள்ளைகள்தானே, எதற்கு மூன்று என்று ஒரு நாள் கேட்டேன். அவை மூன்றும் தனித்தனி நாடு என்று அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. அடுத்த ஞாயிறு, அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கரேன் ஆள் ஒருவன், அப்படியானால் என் இனத்துக் கொடியும் ஒன்று தைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கேப்டன் அவன் தோளில் கை போட்டு, டீமுக்குள் அரசியல் வேண்டாம் என்றார். கரேன், சின், பர்மா, சீன பர்மா, நான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கொடி. அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பிக்குத் தனித்தனி அறை, எங்களுக்கெல்லாம் ஒரே கொட்டகை. அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். நான் அவனுக்காகப் பேசவில்லை. வாயைத் திறந்தால் டீமில் இடம் போய்விடுமோ என்று பயம். என்ன பெரிய இடம்? உப்புக்குச் சப்பாணி இடம்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஊர் கெட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஒவ்வொரு விடைபெறுதலிலும் கட்டிப்பிடித்தல், போட்டோ, நாம் ஒரே குடும்பம் என்ற பேச்சு. கடைசியில் சட்டையில் பதினொரு கொடி இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள உள்ளூர் ஆட்கள் பத்துப் பேர் இருந்தோம். கேப்டனும் பாங்காக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. அங்கிருந்து போன் செய்தார்.

பாங்காக்கில் ஒரு போட்டி. பல நாட்டவர் கலந்த டீம்களுக்கு மட்டும். ஒரு டீமில் ஒரே நாட்டவர் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவரும் பழைய ஆட்களில் இன்னும் சிலரும் வந்து சேர்ந்துகொள்வார்கள், ஆனால் எங்களில் ஒருவர் வேறு நாட்டுக்காரனாக ஆக வேண்டும். அது கஷ்டமே இல்லை என்றார். இந்த ஆட்டத்தில் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ பாட்டியோ எங்கே பிறந்தார்களோ அந்த நாட்டுக்கும் ஆடலாமாம். உலகத்திலுள்ள பெரிய பெரிய ஆட்டக்காரர்களே தாத்தா பிறந்த தீவுக்கு ஆடுகிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் தாத்தா இந்தியாவில் பிறந்தவர்தானே, அதற்கு ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. அதுதான் வினை.

எங்கள் தெரு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அந்தத் தெருவில் தமிழ் ரத்தம் கலந்த குடும்பங்கள் நிறைய. அந்தத் தெருவில் பாதிப் பேரின் தாத்தாக்கள் யாங்கூனில்தான் பிறந்தார்கள். அதாவது தாளில். உண்மையில் அவர்கள் ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். ஒரு காலத்தில் அவர்களுக்கெல்லாம் அந்நியர் பதிவுப் புத்தகம் என்று ஒன்று கொடுத்தார்கள். போட்டோ, கைரேகை, பிறந்த ஊர், தகப்பன் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் அட்டைகள் மாறியபோது, அந்தப் புத்தகம் வைத்திருந்தவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் அரைக் குடிமகன் அட்டைதான் கிடைக்கும் என்ற பயம் வந்தது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை. மற்றதெல்லாம் வேறு நிறம். நிறம் மாறினால் படிப்பு, வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் முட்டுக்கட்டை. எனவே தெருவில் பலர் அந்தப் புத்தகத்தைப் பஸுன்டாங் ஓடையில் போட்டுவிட்டு, தாத்தா இங்கேதான் பிறந்தார் என்று இரண்டு சாட்சி வைத்து எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பாவும் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஓடையில் போட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. அவர் போன பிறகு அது அக்காவிடம் வந்தது. அலமாரித் தட்டில் விரித்த பழைய காலண்டர் தாளுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். யாரிடமும் காட்டாதே என்பது எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்த பாடம்.

அக்காவுக்கு ஒரே மகள். பதினெட்டு முடிந்து, மப்பொந்தின் என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையைப் பெரியவர் அட்டையாக மாற்ற வேண்டிய வருஷம் அது. தாய்லாந்தில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இளஞ்சிவப்பு அட்டை வந்தால் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால் படிப்பு. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய்மார்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அக்கா வாரா வாரம் வார்டு ஆபீஸுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அக்கா வார்டு ஆபீஸ் போயிருந்த ஒரு காலைப் பொழுதில் அவள் வீட்டுக்குப் போய்க் காலண்டர் தாளைத் தூக்கி, புத்தகத்தை எடுத்து, போனில் படம் பிடித்துக் கேப்டனுக்கு அனுப்பினேன். போட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் காட்டுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். புத்தகத்தைத் திரும்ப வைக்கும்போது தாத்தாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தேன். கழுத்துப் பட்டன் போட்ட சட்டை, முறைப்பு. நான் பார்த்தேயிராத மனுஷர். அவரால் எனக்கு ஒரு நாடு கிடைக்கப்போகிறது என்று மனசு துள்ளியது. நாற்பது வயது ஆளுக்குத் துள்ளல் என்ன வேண்டியிருக்கிறது?

சட்டைகளில் கொடி தைப்பது அக்காதான். அவளுக்குத் தையல் தொழில். நான் டீமில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாக் கொடியும் அவள் மெஷினில்தான் ஏறியது. போட்டிக்காக ஒவ்வொருவர் கையிலும் அவரவர் நாட்டுக் கொடி வேண்டுமென்றார்கள். இந்தியக் கொடியைக் கையில் எடுத்து, இது யாருக்கு என்று கேட்டாள். பாங்காக்கில் ஓர் இந்திய இன்ஜினியர் வந்து சேர்கிறார் என்றேன். சட்டை உன் அளவாக இருக்கிறதே என்றாள். அவரும் தடியர்தான் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தாள்.

பாங்காக்கில் இரண்டு மேட்சில் தோற்றோம், ஒன்றில் ஜெயித்தோம். ஆட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக நாட்டைச் சொல்லி அழைத்தார்கள். இந்தியா என்றதும் நான் ஓடினேன். நாற்பது வருஷமாகத் தெருவிலும் பஸ்ஸிலும் என் நிறத்தைப் பார்த்துக் கலா, அதாவது வந்தேறிக் கறுப்பன், என்று கூப்பிட்டவர்களுக்கு நடுவில் வாழ்ந்தவன். அந்தச் சொல்லுக்குப் பதிலாக முதல் தடவை ஒரு நாட்டின் பெயர் என் மேல் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழுகை வந்தது. எதிர் டீமில் இருந்த நிஜ இந்தியர் ஒருவர் வந்து இந்தியில் ஏதோ கேட்டார். தெரியாது என்றேன். ஆங்கிலத்தில் எந்த ஊர் என்று கேட்டார். தாத்தா புத்தகத்தில் இருந்த கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். நானும் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம்.

ஊர் திரும்பி நாலாம் நாள் கேப்டன் டீமின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு நீளமான பதிவு போட்டார். எங்கள் டீமின் வரலாறு என்று தலைப்பு. இங்கே பேஸ்புக்குக்குத் தடை, பார்க்க வி.பி.என். போட வேண்டும், போட்டுப் பார்த்தேன். முதல் படம் தாத்தாவின் முகம், பக்கத்தில் நான் கொடிச் சட்டையோடு. கடல் தாண்டிய ஒரு மனிதன், எல்லை தாண்டிய ஒரு ஆட்டம் என்று உருகி எழுதியிருந்தார். இருநூறு பேருக்கு மேல் இதயம் போட்டிருந்தார்கள். எனக்கு ஆட்சேபம் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பகிர் என்ற பொத்தானை அமுக்கினேன். எங்கள் தெருக்காரர்கள், உறவு, பழைய பள்ளித் தோழர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று அமுக்கினேன். அந்தப் பதிவில் இன்னொரு படமும் இருந்தது, தள்ளிப் பார்த்தால் தெரியும். நான் தள்ளிப் பார்க்கவில்லை. அது அந்தப் புத்தகத்தின் முழுப் பக்கம். பெயர், தகப்பன் பெயர், அந்நியர் என்ற முத்திரை, பிறந்த ஊர்.

அடுத்த வாரம் அக்கா மகளோடு வார்டு ஆபீஸ் போனபோது, அட்டை வேலை பார்க்கும் அம்மாள், எல்லோரும் மரியாதையாகச் சயாமா என்று கூப்பிடுபவள், கோப்பைத் திறக்கவேயில்லை. தன் போனைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அவளுக்கு வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. உன் தம்பி போட்டதுதான், நான் எங்கேயும் தேடிப் போகவில்லை என்றாளாம். தாத்தா யாங்கூனில் பிறந்தார் என்று இந்தக் கோப்பு சொல்கிறது, இல்லை என்று இந்தப் போன் சொல்கிறது, எது உண்மை என்று கேட்டாளாம்.  கோப்பு மேலே போனால் பிள்ளையின் அட்டை மட்டுமில்லை, உங்கள் எல்லோருடைய அட்டையும் கேள்விக்கு வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான் அக்கா வீட்டில் காத்திருந்தேன். அவள் வந்து என்னைத் திட்டவில்லை. அலமாரியைத் திறந்து, காலண்டர் தாளைத் தூக்கி, பை அங்கேயே இருப்பதைப் பார்த்துவிட்டு மூடினாள். அவள் மகள்தான் பர்மிய மொழியில் கேட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் புரியும், பேச வராது.

"மாமா, இனி என்னால் போக முடியாதா?"

கேப்டனுக்கு போன் செய்தேன். உடனே நீக்கிவிட்டார், மன்னிப்புக் கேட்டார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆனால் ஒரு தாத்தா எங்கே பிறந்தார் என்பதால் ஒரு பெண்ணின் படிப்பு போகும் என்பது அவருக்கு விளங்கவேயில்லை. அதைப் பெருமையாக அல்லவா நினைக்க வேண்டும் என்றார். அவருக்கு மூன்று கொடியிருந்தும் ஒரு பாஸ்போர்ட் பறிபோகாது. கடைசியில், அடுத்த வருஷமும் இந்தியா இடம் உனக்குத்தான் என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். என் தாத்தாவை எனக்கே தானம் செய்கிறார். போனை வைத்துவிட்டேன்.

எங்கள் தெருவின் பெரியவர் ஒருவர் இடையில் புகுந்து பேசினார். வார்டு அம்மாள் இளகினாள். அவளே ஒரு வழி சொன்னாள். அந்தப் படத்தில் இருப்பவர் எங்கள் தாத்தா இல்லை, ஒரு விளையாட்டில் இடம் பிடிப்பதற்காக யாரோ ஒருவருடைய பழைய தாளைக் காட்டி நான் பொய் சொன்னேன் என்று நானும் அக்காவும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி முன்னால் வாயாலும் சொல்ல வேண்டும். அசல் எங்களிடம் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

போனோம். கரண்ட் இல்லை, மின்விசிறி சுற்றவில்லை, எல்லோருக்கும் வேர்த்தது. வார்டு அம்மாள் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே கழுத்து. அவள் உதடு கோணியது. சிரிப்பா, அருவருப்பா, சொல்லத் தெரியவில்லை. ஒரு கையெழுத்துக்காக இந்தக் கலாக்கள் என்னதான் சொல்ல மாட்டார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும். எனக்கும் என்மேல் அதே நினைப்புதான். அவள் முதலில் அக்காவிடம்தான் கேட்டாள்.

"இவர் யார்?"

அக்கா படத்தை நேராகப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாது, சயாமா," என்றாள்.

பிறகு என்னிடம் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். எனக்குச் சுலபமாகத்தான் வந்தது. இந்தியா என்று அழைத்தபோது ஓடிய அதே ஆள்தான். கையெழுத்துப் போட்டு ரேகையும் வைத்தோம், கட்டைவிரல் மையைத் துடைக்க அவளே ஒரு துணி கொடுத்தாள்.

அட்டை வந்தது, இளஞ்சிவப்பு. பாஸ்போர்ட்டும் வந்தது. அக்கா மகளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா சாதாரணமாகத்தான் பேசினாள். பிள்ளை ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்தாளா என்று இரண்டு முறை கேட்டாள். அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலைந்த இரண்டு மாதமும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். என்னை மாதிரி ஆட்களுக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதி.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றாள். முந்தானைக்குள்ளிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். எதற்கு, உன்னிடமே இருக்கட்டுமே அக்கா, இத்தனை வருஷம் நீதானே வைத்திருந்தாய் என்றேன்.

"எங்க வீட்டு ஆளுன்னு வச்சிருந்தேன் தம்பி. இப்ப இவரு யாருன்னு எனக்குத் தெரியாதே. சாட்சி வச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. தெரியாத ஆம்பளைய நான் எதுக்கு என் அலமாரில வச்சுக்கணும்?"